உங்கள் மடலை நீங்களே நடத்துங்கள்: முதல் பத்து இதழ்கள்

உங்களுக்கு ஏதோ ஒன்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். எண்பதுகளின் ரேடியோ விளம்பரப் பாட்டுகளாக இருக்கலாம், பழைய படங்களின் டைட்டில் கார்டு எழுத்துகளாக இருக்கலாம், எந்த ஊர் பேக்கரியில் எந்தப் பண்டம் நன்றாக இருக்கும் என்பதாகவும் இருக்கலாம். அதைப் பற்றித் தவறாமல் ஒரு கடிதம் எழுதி, வேண்டும் என்று கேட்டவர்களின் மின்னஞ்சலுக்கு நேராக அனுப்புவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். நியூஸ்லெட்டர், செய்திமடல் என்றெல்லாம் இதற்குப் பெயர் உண்டு. இங்கே மடல் என்றே சொல்லிக்கொள்வோம்.

கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்த ஆசை புதிதல்ல. ஒரே பிரதி, அறை அறையாகக் கைமாறி, ஓரமெல்லாம் நைந்து திரும்பி வரும். மரியா பொப்போவா 2006இல் ஏழு நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கிய மின்னஞ்சல்தான் ‘பிரெய்ன் பிக்கிங்ஸ்’ ஆகி, 2021 முதல் ‘தி மார்ஜினேலியன்’ என்ற பெயரில் வந்துகொண்டிருக்கிறது. லண்டனில் ஜோனதன் நன் 2020இல் தொடங்கிய ‘விட்டில்ஸ்’ முழுக்க உணவைப் பற்றியது. எர்னி ஸ்மித் 2015 முதல் நடத்தும் ‘டீடியம்’ யாரும் திரும்பிப் பார்க்காத அன்றாடப் பொருள்களின் கதைகளைத் தோண்டி எடுக்கிறது.

நான் நடத்துவது பேக்கரிப் பண்டங்களைப் பற்றிய மடல். உதாரணங்களை அதிலிருந்தே தருகிறேன்.

பொருளைக் குறுக்குங்கள்

1. உங்கள் பொருளை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள்.
2. அதை இரண்டு முறை குறுக்குங்கள். நான் ‘சாப்பாடு’ என்று தொடங்கி, ‘பலகாரம்’ என்று சுருக்கி, ‘பேக்கரிக் கண்ணாடி அலமாரியில் இருப்பவை’ என்பதில் நின்றேன்.
3. எழுந்திருக்காமல் 20 மடல்களுக்குத் தலைப்பு எழுதுங்கள். தேங்காய் பன், ஊட்டி வர்க்கி, பொறை, தேன் சேராத ஹனி கேக், காலை ஆறு மணிக்கு பப்ஸ் மடிப்பவர்கள், தூத்துக்குடி மக்ரூன் என்று என் பட்டியல் ஓடியது.
4. ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே, இதற்கு யாரிடம் பேச வேண்டும், எங்கே போக வேண்டும் என்று எழுதுங்கள்.

எட்டாவது தலைப்பிலேயே கை நின்றுவிட்டால், பொருள் அகலமாக இருக்கிறது அல்லது உங்களுக்கு அதில் போதிய ஈடுபாடு இல்லை. பொருளை மாற்றுங்கள். நான்காவது படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். எதிரே ஒரு பெயரும் ஓர் ஊரும் எழுத முடியாத தலைப்பு, எழுத உட்காரும்போது கூகுளில் தேடிக் கோத்த கட்டுரையாகத்தான் முடியும்.

நான்கு மடல் கையிருப்பு

யாரிடமும் சொல்வதற்கு முன் நான்கு மடல்களை எழுதி முடித்துவிடுங்கள். முதல் மடலை எழுதிய உற்சாகத்தில் அன்றைக்கே ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, மூன்றாவது வாரம் வீட்டில் ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம் என்று வந்ததும் நின்றுபோகும் மடல்கள் ஏராளம். கையிருப்பு இருந்தால் அந்த வாரம் ஒரு மடலை எடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எடுத்ததை ஓய்வு கிடைத்ததும் எழுதி நிரப்பிவிட வேண்டும்.

தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். பிறகு வாரம் ஒன்றாக்கினால் வாசகர்களுக்குச் சந்தோஷம். வாரம் ஒன்று என்று சொல்லிவிட்டு மாதம் ஒன்றாகக் குறைத்தால், நின்றுபோகப் போகிறது என்றே நினைத்துக்கொள்வார்கள்.

எங்கே நடத்துவது?

எந்தச் சேவையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: சந்தாதாரர் பட்டியலை நான் நினைத்த நேரத்தில் வெளியே எடுக்க முடியுமா? டைனிலெட்டர் என்றொரு எளிய சேவை இருந்தது. 2010இல் வந்தது, 2011இல் மெயில்சிம்ப் வாங்கியது, 2024 பிப்ரவரி 29 அன்று மூடப்பட்டது. ரெவ்யூ என்ற சேவையை ட்விட்டர் 2021 ஜனவரியில் வாங்கி, 2023 ஜனவரியில் மூடியது. பட்டியலை எடுத்து வைத்திருந்தவர்கள் அடுத்த இடத்தில் மறுவாரமே தொடர முடிந்தது. மடல் எங்கே இருந்தாலும் பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்போது பலர் தொடங்குவது சப்ஸ்டாக்கில். இலவச மடலுக்குக் கட்டணம் இல்லை. சந்தா வசூலித்தால் அதில் 10% எடுத்துக்கொள்கிறது. பட்டன்டவுன் முதல் 100 சந்தாதாரர் வரை இலவசம். கோஸ்ட் திறமூல மென்பொருள், சொந்த சர்வரில் நிறுவலாம் அல்லது மாதக் கட்டணம் கட்டலாம். சர்வர் என்ற சொல்லே உங்களுக்குத் தலைவலி என்றால் முதல் இரண்டில் ஒன்றை எடுங்கள். இதில் ஒரு வாரத்துக்கு மேல் யோசிக்காதீர்கள்.

தேர்ந்தெடுத்ததும் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. மடலுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி தொடங்குங்கள். வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்த முகவரியை இதில் கலக்க வேண்டாம்.
2. அந்த முகவரிக்கும் சேவைக் கணக்குக்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.
3. அனுப்புநர் பெயரில் உங்கள் பெயரும் மடலின் பெயரும் சேர்ந்து வரட்டும். மடலின் பெயர் மட்டும் இருந்தால் ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைப்பார்கள்.
4. சொந்த டொமைன் வாங்கி அனுப்புவதாக இருந்தால், எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.எம்.ஏ.ஆர்.சி. என்ற மூன்று பதிவுகளையும் சேவை சொல்லும்படி டொமைன் கணக்கில் ஏற்றுங்கள். ‘இந்தக் கடிதம் இவர் அனுப்பியதுதான்’ என்பதற்கு அவை சாட்சி. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இதில் கண்டிப்பு காட்டுகின்றன.
5. ஜிமெயில், யாகூ, அவுட்லுக் மூன்றிலும் ஒரு முகவரி வைத்து, உங்கள் மடலுக்கு நீங்களே சந்தாதாரர் ஆகுங்கள்.

தமிழில் அனுப்பும்போது

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கோ பாதித் தொல்லை இங்கேதான்.

ஜிமெயில் ஒரு கடிதத்தில் 102 கிலோபைட் வரைதான் காட்டும். அதற்கு மேல் போனால் மடலை நடுவில் வெட்டி, முழுவதையும் பார்க்க இங்கே தட்டுங்கள் என்று ஒரு சிறு இணைப்பை வைத்துவிடும். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகிறது. ‘தேங்காய்’ என்ற சொல்லைப் பாருங்கள்: த, ஏகாரக் குறி, ங, புள்ளி, க, கால், ய, புள்ளி என்று எட்டுக் குறிகள், 24 பைட். ஆங்கிலத்தில் அதே தேங்காய்க்கு 7 பைட். எழுத்தின் எடைக்கு மேல் சேவையின் அலங்காரக் குறிமுறையும் ஏறும். படங்கள் வெளியிலிருந்து வருவதால் அவை இந்தக் கணக்கில் சேராது.

வெட்டுப்பட்டால் என்ன ஆகும்? ‘சந்தாவிலிருந்து விலக’ என்ற இணைப்பு மடலின் அடியில் இருக்கிறது, அதுவும் மறைந்துவிடும். விலக நினைத்தவர் தேடிப் பார்த்துவிட்டு ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார். அப்படி அழுத்துபவர்கள் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்பது கூகுள் வைத்திருக்கும் எல்லை. ஆயிரம் பேரில் மூன்று பேர் அழுத்தினாலே நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். ஆகவே ஒரு மடலை 1,200 முதல் 1,500 சொற்களுக்குள் முடியுங்கள். நீண்டால் இரண்டாகப் பிரித்து அடுத்த முறை அனுப்புங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

- யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால் வாசகருக்குப் புரியாத குறிகளாகப் போய்ச் சேரும். மாற்றியில் போட்டு மாற்றி, பிழை பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.
- இரு ஓரமும் சமன் செய்யாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை. போன் திரையில் ஒரு வரிக்கு இரண்டு சொல் வந்து, நடுவில் பள்ளம் விழும். இடது ஓரம் மட்டும் போதும்.
- சாய்வெழுத்து வேண்டாம். அழுத்தம் வேண்டும் என்றால் தடித்த எழுத்து.
- மடல் முழுவதையும் படமாகச் செய்து அனுப்பாதீர்கள். பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் படத்திலிருக்கும் எழுத்தை வாசிக்காமல் போகும்.
- தலைப்பு நான்கைந்து சொல்லுக்குள் இருக்கட்டும். போனில் மீதி தெரியாது.
- மடலின் இணைய முகவரியை நீங்களே சிறியதாக, ஆங்கில எழுத்தில் அமையுங்கள். சேவையே தமிழ்த் தலைப்பிலிருந்து எடுத்துக்கொண்டால், ‘பன்’ என்ற ஒரு சொல் சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக 27 இடத்தைப் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் அதைப் பார்ப்பவர் மோசடி இணைப்போ என்று தட்டத் தயங்குவார்.

குறிப்பு: சந்தாதாரர் பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி எக்செலில் இருமுறை தட்டித் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தெரியலாம். பதறி அதன் மேலேயே சேமித்துவிடாதீர்கள், பெயர்கள் போய்விடும். மூடிவிட்டு, இறக்குமதி வழியாக யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள்.

ஒரு மடலை எழுதுவது

மக்ரூன் பற்றி நான் முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘தூத்துக்குடியின் புகழ்பெற்ற இனிப்புகளில் ஒன்று மக்ரூன். இது போர்த்துகீசியர்களால் அறிமுகப்படுத்தப்பட்டதாகக் கூறப்படுகிறது.’

இதை யாரும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். அடித்துவிட்டு இப்படி மாற்றினேன்:

‘மழைநாளில் மக்ரூன் வாங்கி, பொட்டலத்தைச் சரியாகக் கட்டாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால், கோவில்பட்டி வருவதற்குள் கூம்பின் நுனி விரலில் ஒட்டும். முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரித் தூள் சேர்த்துச் சுட்ட பண்டம் அது. காற்றிலிருக்கும் ஈரத்தை சர்க்கரை இழுத்துக்கொள்கிறது. கடைக்காரர் பையின் வாயை இரண்டு முறை முறுக்கிக் கட்டுவது அதற்காகத்தான்.’

இரண்டாவதில் ஒரு கை இருக்கிறது, ஓர் ஊர் இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தது வரலாறு. மக்ரூன் அவர்களோடு வந்ததா என்பது தனிக் கேள்வி. ‘கூறப்படுகிறது’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, கூறியவர் யார் என்று கேளுங்கள். ஒரு பேக்கரி மாஸ்டர் சொன்னார் என்றால் மாஸ்டர் சொன்னார் என்றே எழுதுங்கள். யாரும் தேறவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

நான் எழுதும் வரிசை:

1. மடல் போகும் நாளுக்கு ஆறு நாள் முன்பு கடைக்குப் போகிறேன். பேசி, ருசித்து, விலையும் தேதியும் குறித்துக்கொள்கிறேன்.
2. அன்றிரவே, யாரோ ஒரு நண்பருக்கு எழுதுவதாக நினைத்து ஒரே மூச்சில் எழுதுகிறேன். ‘அன்பு வாசகர்களே’ என்று கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினால் குரல் மேடைக்குப் போய்விடும்.
3. இரண்டு நாள் தொடுவதில்லை.
4. பிறகு வாய்விட்டுப் படிக்கிறேன். நாக்கு தட்டும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.
5. பெயர், ஊர், ஆண்டு, விலை நான்கையும் மட்டும் பார்ப்பதற்காகத் தனியாக ஒருமுறை படிக்கிறேன்.
6. கடைசியில்தான் தலைப்பு.

மடல் முடியும் இடத்தில் வாசகரிடம் ஒரே ஒரு கேள்வி வையுங்கள். பதில் சொல்லச் சுலபமான கேள்வியாக இருக்க வேண்டும். ‘உங்கள் கருத்துகளை எழுதுங்கள்’ என்றால் யாரும் எழுதுவதில்லை. ‘உங்கள் ஊரில் பொறையை டீயில் தொட்டுச் சாப்பிடுவார்களா, பாலிலா?’ என்று கேட்டபோது எனக்கு இரண்டு நாள் பதில் வந்துகொண்டே இருந்தது. அதிலிருந்தே அடுத்த மூன்று மடல்களுக்கு விஷயம் கிடைத்தது.

பட்டியல்: யாருக்கு அனுப்பலாம்?

கேட்டவருக்கு மட்டும். இதில் விதிவிலக்கு வைக்காதீர்கள். போனிலிருக்கும் தொடர்புகளையெல்லாம் ஏற்றுவது, கல்லூரி நண்பர்கள் குழுவிலிருந்து முகவரி எடுப்பது, பட்டியல் விற்பவரிடம் வாங்குவது எல்லாமே தவறு. ஒருவருடைய இன்பாக்ஸ் அவர் வீடு மாதிரி. கூப்பிடாமல் உள்ளே போய் உட்காரக் கூடாது.

முதல் 25 பேரை இப்படிச் சேருங்கள்: இந்தப் பொருளில் உண்மையாகவே ஆர்வமுள்ளவர்களுக்குத் தனித்தனியாக எழுதி, ‘இப்படி ஒன்று தொடங்குகிறேன் அண்ணா, வேண்டுமென்றால் இந்த இணைப்பில் சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லுங்கள். சேராதவரை இரண்டாவது முறை கேட்காதீர்கள். சேவையில் ‘உறுதிப்படுத்தும் கடிதம்’ என்ற வசதி இருந்தால் போட்டுவையுங்கள். முகவரியைத் தவறாகத் தட்டியவர்களும் போலிக் கணக்குகளும் அங்கேயே நின்றுவிடும்.

சாதாரண ஜிமெயிலிலிருந்தே எல்லாருக்கும் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாவது மடலை அவசரத்தில், மறைநகல் வரியில் போடாமல் பெறுநர் வரியில் போட்டு அனுப்பிவிட்டேன். எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் போய்விட்டது. அதில் ஒரு பெண்மணி, தான் ஒதுங்கி இருக்க விரும்பிய உறவினர் ஒருவருக்குத் தன் புதிய முகவரி தெரிந்துவிட்டதாக எழுதினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் போனது போனதுதான், அவர் முகவரியை மாற்ற வேண்டியதாயிற்று. அன்றைக்கே சேவைக்கு மாறினேன். ஐந்து பேர் என்றாலும் சேவை வழியாகவே அனுப்புங்கள். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்பவும் முடியாது.

அனுப்பும் நாள்

1. சோதனை மடலை உங்களுக்கு அனுப்பி, போனில் படியுங்கள். கணினியில் பார்த்தது போதாது.
2. ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தட்டிப் பாருங்கள்.
3. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.
4. விலகும் இணைப்பு அடியில் தெரிகிறதா என்று பாருங்கள்.
5. உடனே அனுப்பாமல், மறுநாள் காலைக்கு நேரம் குறித்து வையுங்கள். இரவு படுக்கும்போது நினைவுக்கு வரும் பிழையைத் திருத்த அந்த இடைவெளி வேண்டும்.

போன மடலைத் திரும்ப அழைக்க முடியாது. சிறிய எழுத்துப் பிழை என்றால் விட்டுவிடுங்கள். தகவல் பிழை என்றால் அடுத்த மடலின் தொடக்கத்திலேயே, எது தவறு, எது சரி என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். ‘மன்னிக்கவும்’ என்ற தலைப்பில் அன்றைக்கே இரண்டாவது மடல் அனுப்புவது, யாருக்காவது ஆபத்து நேரக்கூடிய பிழைக்கு மட்டும். ஒரு சமையல் குறிப்பில் அளவு தவறிப்போனால் அனுப்பத்தான் வேண்டும்.

பாதுகாப்பு

பாட்டு வரிகள்: இந்தியச் சட்டப்படி பாடலாசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு அவர் வரிகளுக்குக் காப்புரிமை உண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981இல், ஆகவே 2041 முடியும்வரை. விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் இத்தனை வரி என்று கணக்குச் சொல்லவில்லை. முழுப் பாட்டை ஒட்டாதீர்கள். அதிகாரபூர்வச் சேனலின் இணைப்பைக் கொடுங்கள்.

படங்கள்: இணையத்தில் கிடைத்தது உங்களுடையது ஆகாது. போன் கேமராவில் நீங்களே எடுங்கள். கடையில் வேலை செய்பவர் முகம் தெரிந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். முதலாளி சரி என்றது மாஸ்டருக்குச் செல்லாது.

குறை எழுதும்போது: ஒரு கடையின் பெயரைச் சொல்லிக் கெட்டுப்போன பண்டம் என்று எழுதுமுன், பில், தேதி, கடைக்காரரின் பதில் மூன்றும் கையில் இருக்க வேண்டும். அவதூறு இந்தியாவில் குற்றவியல் வழக்காகவும் வரலாம். மடல் சிறியது என்பது அங்கே உதவாது.

வீட்டு முகவரி: சில சேவைகள் மடலின் அடியில் அஞ்சல் முகவரி கேட்கும். அமெரிக்கச் சட்டத்தின் தேவை அது. வீட்டு முகவரியைத் தராதீர்கள். தபால் நிலையத்தில் அஞ்சல் பெட்டி வாடகைக்கு எடுத்து அந்த எண்ணைக் கொடுங்கள். பெண்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எண்களை எப்படிப் பார்ப்பது

எத்தனை பேர் திறந்தார்கள் என்று சேவை ஒரு சதவீதம் காட்டும். அதை நம்பி மனம் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, வாசகர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அது திறந்ததாகவே பதிவாகும். நான் எண்ணுவது பதில் கடிதங்களை. மடலுக்கு இரண்டு பதில் வந்தாலும் அந்த மடல் சேர்ந்துவிட்டது. ஒருவர் விலகினால், ஏன் என்று கேட்டு எழுதாதீர்கள்.

பணம்

முதல் பத்து மடல்வரை பணப் பேச்சே வேண்டாம். பிறகு சந்தா வசூலிக்க நினைத்தால், சப்ஸ்டாக் ஸ்ட்ரைப் வழியாகத்தான் பணம் வாங்குகிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்ட்ரைப் 2024 முதல் இந்தியாவில் அழைப்பின் பேரில்தான் புதிய கணக்கு தருகிறது. இங்கிருந்து எழுதுபவர்கள் யுபிஐ வழியாக விருப்ப நன்கொடை கேட்பதுண்டு. அப்படிச் செய்தால், போன் எண்ணே முகவரியாக இருக்கும் யுபிஐ ஐடியை மடலில் போடாதீர்கள். செயலியில் வேறு ஐடி ஒன்றை உருவாக்கி அதைப் போடுங்கள்.

இடைவெளி விடுவதும் நிறுத்துவதும்

பத்து மடல் முடிந்ததும் ஒரு மாதம் ஓய்வெடுக்கலாம். போகும் முன் சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பும் தேதியையும் சொல்லுங்கள். முழுவதும் நிறுத்துவதாக இருந்தாலும் ஒரு கடைசி மடல் அனுப்புங்கள். பழைய மடல்கள் எங்கே கிடைக்கும் என்று அதில் எழுதுங்கள். பட்டியலை வேறு யாருக்கும், எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும், கொடுக்காதீர்கள். மடல்களை மட்டும் ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, சந்தாதாரர் பட்டியலைச் சேவையிலிருந்தும் உங்கள் கணினியிலிருந்தும் பென் டிரைவிலிருந்தும் அழித்துவிடுங்கள்.